பெயர்ப் பட்டியலில் இல்லாத ஆசிரியை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்திலுள்ள ஹார்வர்டு சர்வகலாசாலை, தன்னிடம் போதிக்கப்படும் பாடங்களையும் அவற்றைப் போதிக்கும் ஆசிரியர்களையும் நிரல்படுத்தி ஆண்டுதோறும் ஒரு விவரப் புத்தகம் வெளியிடுவது வழக்கமாக இருந்தது. 1945-க்கு முன் வெளியான அப்புத்தகங்களை எவரேனும் எடுத்துப் புரட்டினால், அந்தச் சர்வகலாசாலையில் பல்லாண்டுகளாக வான சாஸ்திரம் கற்பித்தவரும், ஆராய்ச்சி மாணவர்களுக்கு அருகிருந்து வழிகாட்டியவரும், சூரியனும் பிற நட்சத்திரங்களும் எப்பொருளால் ஆனவை என்பதை உலகில் முதன்முதலாகக் கணக்கிட்டு அறிந்தவருமான ஒரு பெண்மணி நடத்திய பாடங்களை அவற்றில் எங்கும் காண மாட்டார். பாடங்கள் நடந்தன, மாணவர்கள் வந்தார்கள், கற்றார்கள், தேறினார்கள், ஆனால் அச்சிட்ட ஏட்டில் அவற்றுக்கு இடமில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட சம்பளமும் ஆசிரியர்களின் கணக்கில் எழுதப்படாமல், வானாய்வு நிலையத்துக்குக் கருவிகளும் சாமான்களும் வாங்குவதற்கென ஒதுக்கிய செலவுக் கணக்கில் எழுதப்பட்டது.

அவர் பெயர் செசிலியா பெய்ன். விவாகத்துக்குப் பின் பெய்ன்-கபோஷ்கின் என்று வழங்கப்பட்டார். அவருடைய டாக்டர் பட்ட ஆய்வேடு 1925-ஆம் ஆண்டு வெளிவந்தது. அது வெளிவந்து இப்போது நூறாண்டு கடந்துவிட்டது.

வான சாஸ்திரத்தைத் தம் வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் இளைஞர்களும் யுவதிகளும், தொலைநோக்கிகளைப் பற்றியும் விண்வெளிக் கலங்களைப் பற்றியும் ஆவலோடு கேட்கின்றனர். சர்வகலாசாலையில் நிலையான ஸ்தானம் என்பது யாது, அது கிடைக்காத விஞ்ஞானியின் அறிவுக்கு என்ன நேர்கிறது என்பதைக் கேட்பவர் மிகச் சிலர். சம்பளமும் பதவிப் பெயரும் வெளி அலங்காரங்கள் என்றும், மெய்யான ஞான வேட்கை உடையவர் அவற்றைப் பொருட்படுத்தாமல் உழைத்துக்கொண்டிருப்பார் என்றும் ஓர் அபிப்பிராயம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பெய்னின் சரித்திரத்தை நெருங்கிப் பார்த்தால் அந்த அபிப்பிராயம் நிற்காது. ஸ்தானம் இல்லாதவர் வறுமையை மட்டும் அனுபவிப்பதில்லை. எந்தக் கேள்வியை ஆராய்வது என்பதைத் தாமே தீர்மானிக்கும் சுதந்திரத்தையும் இழக்கிறார். இதனால் நஷ்டமடைவது அவர் ஒருவர் மட்டுமல்ல என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சாட்சி.

இரண்டு கேம்பிரிட்ஜ் நகரங்கள்

இங்கிலாந்தில் வெண்டோவர் என்னும் சிற்றூரில் 1900-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் தேதி பிறந்த செசிலியா, தம் நான்காம் வயதில் தந்தையை இழந்தார். மூன்று குழந்தைகளைத் தனியே வளர்த்த தாயின் பொறுப்பில் லண்டனில் படித்தபோது, அவர் பயின்ற பள்ளியில் சங்கீதம் கற்பித்தவர், கிரகங்களைப் பற்றிய தம் வாத்திய இசைத் தொகுதியால் பிற்காலத்தில் புகழெய்திய குஸ்தவ் ஹோல்ஸ்ட். அவர் இந்த மாணவியைச் சங்கீதத்தையே தொழிலாகக் கொள்ளும்படி தூண்டினார் என்பது சுவையான செய்தி. ஆனால் செசிலியாவின் மனம் விஞ்ஞானத்தில் ஊன்றியிருந்தது. 1919-இல் உபகாரச் சம்பளம் பெற்று, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த நியூனம் கல்லூரியில் தாவரவியலும் பௌதிகமும் ரசாயனமும் படிக்கச் சேர்ந்தார்.

அவ்வாண்டின் இறுதியில், வானாய்வாளர் ஆர்தர் எடிங்டன் தாம் ஆப்பிரிக்கக் கரையோரத்துப் பிரின்ஸிபே தீவில் கண்ட சூரிய கிரகணத்தைப் பற்றியும், அது ஐன்ஸ்டைனின் சித்தாந்தத்துக்கு அளித்த ஆதாரத்தைப் பற்றியும் ஓர் உபந்நியாசம் நிகழ்த்தினார். நியூனம் கல்லூரிக்கு வந்த அனுமதிச் சீட்டுகள் நான்கே. அவற்றுள் ஒன்றைப் பெற்ற தோழி வர இயலாமற் போகவே, அச்சீட்டு செசிலியாவின் கைக்கு வந்தது. உபந்நியாசம் முடிந்து அறைக்குத் திரும்பிய அவர், கேட்ட சொற்களை ஏறக்குறைய அப்படியே எழுதி வைத்தார். அதன் பின் மூன்று இரவுகள் அவருக்கு உறக்கம் வரவில்லை. தாவரவியலை விட்டுப் பௌதிகத்தின் பக்கம் திரும்பினார். அங்கே பௌதிக விஞ்ஞானி ரூதர்ஃபோர்டின் வகுப்பில், விதிப்படி பெண்கள் முன்வரிசையில் தனித்து அமர வேண்டும். வகுப்பிலிருந்த ஒரே பெண் இவர். ரூதர்ஃபோர்டு இவரை நேராக நோக்கி, சீமாட்டியும் கனவான்களுமே என்று அழுத்திச் சொல்லித் தொடங்குவார். உடனே ஆண் மாணவர்கள் கைதட்டித் தரையைக் காலால் உதைத்து ஆரவாரம் செய்வார்கள். இந்தப் பரிகாசத்தை ஒவ்வொரு வகுப்பிலும் சகித்துக்கொண்டு அவர் படித்து முடித்தார். முடித்த பிறகும் அவருக்குப் பட்டம் கிடைக்கவில்லை, ஏனெனில் பெண்களுக்குப் பட்டம் அளிக்கக் கேம்பிரிட்ஜ் இசைந்தது 1948-ஆம் ஆண்டில்தான்.

இங்கிலாந்தில் வான சாஸ்திரம் கற்ற பெண்ணுக்கு அன்று திறந்திருந்த உத்தியோகம், பெண்கள் பள்ளியில் ஆசிரியை வேலை ஒன்றே. இதை உணர்ந்திருந்த கோம்ரி என்னும் இளம் கணித நிபுணர், லண்டனில் ஹார்வர்டு வானாய்வு நிலையத்தின் இயக்குநர் ஹார்லோ ஷேப்லி நிகழ்த்திய உபந்நியாசத்துக்குச் செசிலியாவை அழைத்துச் சென்றார். செசிலியா ஷேப்லியிடமே சென்று, தங்கள் நிலையத்துக்கு வந்து பணியாற்ற விரும்புகிறேன் என்று நேரில் சொல்லிவிட்டார். நிலையத்தில் பெண்களுக்கென ஏற்பட்டிருந்த ஒரு சிறு உபகாரச் சம்பளத்தைப் பெற்று, 1923-இல் கடல் கடந்து, மாசசூசெட்ஸில் உள்ள மற்றொரு கேம்பிரிட்ஜ் நகரத்தை அடைந்தார்.

கண்ணாடித் தகடுகளும் கல்கத்தாவில் பிறந்த சமன்பாடும்

ஹார்வர்டு நிலையத்தில் அப்போது உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு செல்வம் குவிந்திருந்தது. பல பத்தாண்டுகளாக வடகோளத்திலும் தென்கோளத்திலும் இரவு தவறாமல் எடுத்த வானத்தின் புகைப்படங்கள், கண்ணாடித் தகடுகளாக லட்சக் கணக்கில் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றை வகைப்படுத்தும் வேலையை, மிகக் குறைந்த கூலிக்கு, பெண்கள் செய்துவந்தனர். அவர்களுள் ஆனி ஜம்ப் கானன் இரண்டேகால் லட்சம் நட்சத்திரங்களின் நிறமாலைகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் நோக்கி வகுத்து, ஹென்றி டிரேப்பர் அட்டவணை என்னும் ஒன்பது தொகுதிகளை நிறைவு செய்துகொண்டிருந்தார். நட்சத்திரங்களின் ஒளி மாற்றத்தைக் கொண்டு அவற்றின் தூரத்தை அளக்கும் விதியைக் கண்ட ஹென்றியெட்டா லீவிட், செசிலியா வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் காலமாகியிருந்தார். இப்பெண்கள் அனைவரும் அளந்து எழுதுவதற்கு அமர்த்தப்பட்டவர்கள். எழுதியதன் பொருளை விசாரிப்பது வேறு சிலருடைய அதிகாரம் என்பது அந்நிலையத்தின் எழுதாத விதியாக இருந்தது.

அந்தப் பொருளை விசாரிக்கும் திறவுகோல் இந்தியாவிலிருந்து வந்தது. டாக்காவுக்கு அருகே ஓர் ஏழைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்து, கல்கத்தா சர்வகலாசாலையில் ஆசிரியராக இருந்த மேகநாத் சாகா, 1920-இல் ஒரு சமன்பாட்டை வெளியிட்டார். நட்சத்திர ஒளியை விரித்தால் தோன்றும் நிறமாலையில், ஒவ்வொரு மூலகமும் தனக்கே உரிய கருங்கோடுகளைப் பதிக்கிறது. ஒரு நட்சத்திரத்தில் சில கோடுகள் தடித்தும், மற்றொன்றில் மெலிந்தும், வேறொன்றில் அடியோடு மறைந்தும் இருப்பதற்குக் காரணம் என்ன? உஷ்ணமும் அழுத்தமும் எவ்வளவோ, அதற்கேற்ப அணுக்கள் தம் எலெக்ட்ரான்களை இழந்து அயனிகளாகின்றன. அயனியான அணு வேறு கோடுகளைப் பதிக்கிறது. ஆகவே கோட்டின் தடிமனைக் கண்டவுடன் பொருளின் அளவைத் தீர்மானித்துவிட இயலாது, உஷ்ணத்தை முதலில் கணக்கிட வேண்டும் என்று சாகா நிறுவினார். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த மில்ன் என்னும் விஞ்ஞானி, செசிலியா அமெரிக்கா புறப்படும் முன் அவரிடம், உனக்குக் கிடைத்திருக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தால் சாகாவின் கொள்கையைச் சோதிக்கும் அளவைகளைத் தேடிப் போவேன் என்னும் கருத்துப்படச் சொல்லியிருந்தார். செசிலியா அதையே செய்தார்.

இரண்டு ஆண்டுகள் இரவு பகலாக உழைத்துத் தகடுகளில் கோடுகளின் வலிமையை அளந்து, சாகாவின் சமன்பாட்டையும் அதைக் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகளான ஃபௌலரும் மில்னும் திருத்தி வளர்த்த முறையையும் அவற்றின்மேல் செலுத்தி, பதினெட்டு மூலகங்கள் நட்சத்திரங்களில் எந்த விகிதத்தில் உள்ளன என்று கண்டார். சிலிக்கன், கரி முதலான மூலகங்களின் விகிதம் ஏறக்குறைய நம் பூமியில் உள்ளபடியே இருந்தது. ஆனால் ஹீலியமும் ஹைட்ரஜனும் கணக்கில் அடங்காமல் எழுந்து நின்றன. ஹைட்ரஜன், உலோகங்களைப் போலப் பத்து லட்சம் மடங்கு இருக்க வேண்டுமெனக் கணக்கு சொல்லிற்று. சூரியனுடைய நிறமாலையில் ஹைட்ரஜன் கோடுகள் மிகப் பெரிதாகத் தோன்றாமைக்குக் காரணமும் அக்கணக்கிலேயே இருந்தது: ஏறக்குறைய ஆறாயிரம் டிகிரி உஷ்ணத்தில், நம் கண்ணுக்குப் புலனாகும் கோட்டைப் பதிக்கத்தக்க நிலைக்கு எழும்பியிருக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் மிகச் சிலவே, அந்தச் சிலவே அவ்வளவு கோட்டைப் பதிக்கின்றன என்றால், எழும்பாமல் கிடப்பவை எவ்வளவு!

இந்த ஆய்வேட்டின் கையெழுத்துப் பிரதியை ஷேப்லி தம் ஆசிரியரும் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையின் பேராசிரியருமான ஹென்றி நாரிஸ் ரஸலுக்கு அனுப்பினார். அக்காலத்தில் அமெரிக்க வான சாஸ்திரத்தில் எந்த உத்தியோகத்துக்கும் எவரை நியமிக்கலாம் என்பதில் ரஸலின் வார்த்தைக்கு இருந்த மதிப்பு அளவிடற்கரியது. பூமியின் மேலோட்டைச் சூரியனுடைய உஷ்ணத்துக்குக் காய்ச்சினால் சூரியனுடையதை ஒத்த நிறமாலையே கிடைக்கும் என்று அவர் முன்னரே எழுதியிருந்தார். 1925 ஜனவரியில் அவர் பதில் எழுதினார்: ஹைட்ரஜன் அத்தனை மிகுதியாக இருப்பது நடவாத காரியம். செசிலியா, தாம் கண்ட எண்களை ஆய்வேட்டில் அப்படியே வைத்துவிட்டு, ஹைட்ரஜனுக்கும் ஹீலியத்துக்கும் கிடைத்த அளவு பெரும்பாலும் மெய்யாயிராது என்று ஒரு வாக்கியம் சேர்த்துவிட்டார். நான்கு ஆண்டுகள் சென்றபின், 1929-இல், வேறு வழியாகக் கணக்கிட்ட ரஸல் அதே முடிவுக்கு வந்து, சூரியனில் ஹைட்ரஜனே மிகுதி என்று வெளியிட்டார். செசிலியாவின் கணக்கோடு தம் கணக்கு ஒத்திருப்பதைக் குறிப்பிடவும் செய்தார். ஆயினும் அக்கண்டுபிடிப்பு நெடுங்காலம் ரஸலின் பெயராலேயே பேசப்பட்டது.

முதுமையில் செசிலியா இதை நினைத்துத் தம்மையே குறை கூறிக்கொண்டார். தாம் கண்டது சரியென்று அறிந்திருந்தும் அதிகாரத்துக்குப் பணிந்துவிட்டதாக எழுதி வைத்தார். அவருடைய மற்றத் தீர்ப்புகளை நான் மிகவும் மதிக்கிறேன். இந்தத் தீர்ப்பை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. இருபத்து நான்கு வயது, அயல் தேசம், கையில் முடியும் தறுவாயிலுள்ள ஓர் உபகாரச் சம்பளம், தம் கல்வியை அங்கீகரித்துப் பட்டம் கொடுக்கும் ஸ்தாபனமும் பெண்களுக்கென அமைந்த ராட்கிளிஃப் கல்லூரியே தவிர ஹார்வர்டு அல்ல, அடுத்த வேலை எவருடைய பரிந்துரையால் கிடைக்குமோ அவரே, நீ கண்டது நடவாதது என்று எழுதுகிறார். இத்தகைய நிலையில் இருப்பவரிடம் துணிவை எதிர்பார்ப்பதற்கு முன், துணிவதற்கு உரிய இடத்தை அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும். நிலையான பேராசிரியர் ஒருவர் அதே கணக்கைப் போட்டிருந்தால், ரஸலோடு அவர் பகிரங்கமாக வாதாடியிருப்பார். விஞ்ஞானம் நான்கு ஆண்டுகளை இழந்திராது.

ஆய்வேட்டைப் பற்றிப் பிற்காலத்தில் வானாய்வாளர் ஆட்டோ ஸ்ட்ரூவ, வான சாஸ்திரத்தில் இதுவரை எழுதப்பட்ட டாக்டர் பட்ட ஆய்வேடுகளில் இதுவே மிகச் சிறந்தது என்னும் பொருள்பட எழுதினார். அத்தகைய புகழ்ச்சிக்குரிய நூலை எழுதியவருக்கு அடுத்து என்ன வேலை கிடைத்தது என்பதையே இனிப் பார்க்க வேண்டும்.

கருவிச் செலவில் ஒரு விஞ்ஞானி

இரண்டு ஆண்டுகள் ஓர் ஆராய்ச்சி உபகாரச் சம்பளத்தில் கழிந்தபின், 1927-இல் ஷேப்லி அவரைத் தம் நிலையத்தின் ஊழியராக அமர்த்திக்கொண்டார். சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும் என்பதை ஒருவரும் சொல்லாததால், முதல் மாதத்தைக் கடத்துவதற்காகத் தம் நகைகளையும் வயலினையும் அடகு வைத்ததாக அவரே தம் வரலாற்றில் குறித்திருக்கிறார். பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கு உபந்நியாசங்கள், ஆய்வேடுகளுக்கு வழிகாட்டல், நிலையத்தின் வெளியீடுகளைப் பதிப்பித்தல் என்று ஒரு பேராசிரியர் செய்யும் காரியங்கள் அனைத்தும் அவர்மேல் விழுந்தன. பேராசிரியர் என்ற பெயர் மட்டும் விழவில்லை. ஷேப்லி அவருக்கு ஸ்தானம் கேட்டுச் சர்வகலாசாலையின் தலைவர் லாரன்ஸ் லோவலை அணுகியபோது, தாம் உயிரோடு இருக்கும்வரை மிஸ் பெய்னுக்கு இச்சர்வகலாசாலையில் நியமனம் இல்லை என்று லோவல் மறுத்துவிட்டார் என்பது செசிலியா விட்டுச் சென்ற செய்தி.

இவற்றையெல்லாம் விட எனக்கு மிகுந்த வேதனை தருவது வேறொன்று. நட்சத்திரங்களின் நிறமாலையைப் படிப்பதில் உலகில் அவருக்கு இணையானவர் அன்று மிகச் சிலரே. அத்தகையவரை ஷேப்லி, நிலையத்தின் தேவை கருதி, நிறமாலை ஆராய்ச்சியை விட்டு, புகைப்படத் தகடுகளில் நட்சத்திரங்களின் பிரகாசத்தை அளந்து தரப்படுத்தும் ஒளி அளவை வேலைக்குத் திருப்பினார்; நிறமாலைத் துறைக்கு 1932-இல் டொனால்ட் மென்ஸல் என்னும் இளைஞர் வரவழைக்கப்பட்டார். மென்ஸல் பெரிய விஞ்ஞானி, பெருந்தன்மை உடையவர், அவர்மேல் குற்றமில்லை. புகைப்படத் தகட்டைக் கொண்டு பிரகாசத்தை அளக்கும் முறையோ, மின்கருவிகள் வந்தவுடன் பழமையாகிவிட்ட ஒன்று. தம் வாழ்வின் மிகச் சிறந்த ஆண்டுகள் அதில் வீணாயின என்று செசிலியா பின்னர் வருந்தினார். அவர் ஏன் மறுக்கவில்லை என்று கேட்கலாம். மறுப்பதற்கு அவருக்கு எந்த உரிமைச் சீட்டும் இல்லை. கருவிச் செலவுக் கணக்கில் சம்பளம் பெறுபவர், இயக்குநரின் தயவால் அந்த மேஜையில் அமர்ந்திருக்கிறார். தயவுக்குக் கட்டுப்பட்டவர் தலைவர் சுட்டும் திசையில் போகத்தான் வேண்டும். ஹைட்ரஜனைக் கண்டவர், அடுத்த பதினைந்து ஆண்டுகள் நிறமாலையையே தொடர்ந்திருந்தால் வேறு எவற்றைக் கண்டிருப்பார் என்பதை இனி எவராலும் சொல்ல இயலாது.

1933-இல் அவர் ஐரோப்பா சென்றார். ஜெர்மனியில் கட்டிங்கன் நகரத்தில் நடந்த வானாய்வாளர் மகாநாட்டில், ரஷ்யாவிலிருந்து வந்து அங்கே தஞ்சம் புகுந்திருந்த செர்கேய் கபோஷ்கின் என்பவர், நாஜி ஆட்சியில் தமக்கு இனி வாழ்வில்லை என்று அவரிடம் முறையிட்டார். செசிலியா திரும்பி வந்து, அவருக்கு அமெரிக்காவில் நுழைவதற்கு அனுமதியும் ஹார்வர்டு நிலையத்தில் வேலையும் கிடைக்கப் பாடுபட்டார். 1934-இல் இருவரும் விவாகம் செய்துகொண்டனர். மூன்று குழந்தைகள் பிறந்தன. ஒளி மாறும் நட்சத்திரங்களைப் பற்றிக் கணவனும் மனைவியும் உதவியாளர்களுடன் சேர்ந்து பன்னிரண்டரை லட்சம் அளவைகளை எடுத்தனர். அதன் பின் மகெல்லன் மேகங்கள் எனப்படும் நட்சத்திரக் கூட்டங்களில் இருபது லட்சம் அளவைகளை எடுத்தனர். தாம் விரும்பித் தேர்ந்ததாயினும் அல்லாததாயினும், கையிலெடுத்த வேலையை இத்தனை சிரத்தையுடன் செய்தவர் அவர்.

1938-இல் சர்வகலாசாலை அவருக்கும் ஆனி கானனுக்கும் ஒருங்கே 'வானாய்வாளர்' என்னும் பதவியை முறைப்படி அளித்தது. கானனுக்கு அப்போது வயது எழுபத்து நான்கு. இரண்டு ஆண்டுகளில் ஓய்வு பெற்றார். 1945-இல் செசிலியாவின் பாடங்கள் விவரப் புத்தகத்தில் ஏறின. 1950-களின் முற்பகுதியில் மென்ஸல் நிலையத்தின் பொறுப்பை ஏற்று, கணக்குகளைப் பார்வையிட்டபோது, செசிலியாவுக்குக் கொடுக்கப்பட்டு வந்த தொகையைக் கண்டு அதிர்ந்து, அதை உயர்த்தினார். 1956-ஆம் ஆண்டு ஹார்வர்டு அவரைப் பேராசிரியராக நியமித்தது. பெண்களுக்கெனத் தனியே ஏற்படுத்திய ஆசனத்தில் அமராமல், வழக்கமான பதவி உயர்வின் வழியே அச்சர்வகலாசாலையில் முழுப் பேராசிரியரான முதற் பெண்மணி அவரே. அதே ஆண்டு வான சாஸ்திர இலாகாவின் தலைமையும் அவரிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறு. ஓய்வு பெறுவதற்குப் பத்து ஆண்டுகளே எஞ்சியிருந்தன.

வகுப்பறை

ஆசிரியராக அவர் செய்த பணியை, ஆராய்ச்சியைச் சொல்லும் நூல்கள் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. அது பிழை. அவருடைய ஆய்வு மாணவர்களுள் ஒருவரான ஃபிராங்க் டிரேக், 1960-இல் மேற்கு வர்ஜீனியாவில் ரேடியோ தொலைநோக்கியைக் கொண்டு வேற்றுலக உயிர்களின் செய்தி வருகிறதா என்று முதன்முதலாகத் தேடியவர். கனடாவில் கோள வடிவ நட்சத்திரக் கொத்துகளை ஆராய்ந்து புகழ்பெற்ற ஹெலன் சாயர் ஹாக், ராட்கிளிஃபில் அவருடைய வழிகாட்டலைப் பெற்றவர். 1954-இல் செசிலியா வெளியிட்ட வான சாஸ்திர அறிமுகப் பாடநூல், ஆரம்ப மாணவனுக்காக ஒரு முதிர்ந்த ஆராய்ச்சியாளர் தாமே உட்கார்ந்து எழுதியது. ஆராய்ச்சியில் பெருமை பெற்றவர்கள் முதலாண்டு வகுப்பைப் பிறரிடம் தள்ளிவிடும் பழக்கம் பல நாடுகளில் பரவியிருப்பதை எண்ணும்போது, இந்நூலின் மதிப்பு எனக்கு இன்னும் உயர்கிறது.

இந்தியாவைச் சேர்ந்த இன்னொருவரின் வரலாறும் ஹார்வர்டு நிலையத்தோடு இணைகிறது. சென்னையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்த வைணு பாப்பு, ஆராய்ச்சி மாணவராக ஹார்வர்டுக்கு வந்து, 1949-இல் பார்ட் போக், நியூகர்க் என்னும் இருவரோடு சேர்ந்து ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டு, 1952-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அவர் தாய்நாடு திரும்பி, 1960-இல் கொடைக்கானல் வானாய்வு நிலையத்தின் பொறுப்பேற்று, ஜவ்வாது மலையில் காவலூர் நிலையத்தை நிறுவினார். இந்தியாவில் இன்றுள்ள வானாய்வாளர்களில் பலர் பாப்பு வகுத்த பாதையில் வந்தவர்கள்.

சாகாவின் கதையோ செசிலியாவின் கதைக்கு மறுபக்கம். அவருக்கு ஸ்தானம் இருந்தது. 1923 முதல் 1938 வரை அலகாபாத் சர்வகலாசாலையில் பேராசிரியர். ஆனால் கருவி இல்லை, பணம் இல்லை. மிகுந்த போதனைச் சுமை இருந்தது. தம் சமன்பாட்டை நட்சத்திரங்களில் சோதிக்கும் வாய்ப்பு, ஹார்வர்டின் தகடுகளும் கலிபோர்னியாவின் பெருந்தொலைநோக்கிகளும் யாரிடம் இருந்தனவோ அவர்களுக்கே கிட்டிற்று. அலகாபாத்தில் அவர் தம் ஆற்றலை மாணவர்களிடம் செலுத்தினார். உஷ்ணத்தைப் பற்றி ஸ்ரீவாஸ்தவாவுடன் சேர்ந்து எழுதிய பாடநூல் பல தலைமுறைகளுக்கு வழிகாட்டியாயிற்று. அவரிடம் பயின்ற கோத்தாரி பிற்காலத்தில் சர்வகலாசாலை மானியக் குழுவின் தலைவரானார். அதே மானியக் குழு 1988-இல் புனேயில் ஜயந்த் நார்லிக்கரின் தலைமையில் ஒரு வான சாஸ்திர மையத்தை ஏற்படுத்தியபோது, சிறு ஊர்களின் சர்வகலாசாலைகளில் வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள் ஆண்டுதோறும் சில காலம் அங்கே வந்து தங்கி, கருவிகளையும் நூல்களையும் பயன்படுத்தி ஆராயலாம் என்று வழிசெய்தது. சாகாவுக்குக் கிட்டாததை அவருக்குப் பின் வந்த ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் அத்திட்டத்தை, நம் நாட்டில் விஞ்ஞானக் கல்விக்காகச் செய்த நற்காரியங்களுள் முதன்மையானவற்றில் ஒன்றென நான் கருதுகிறேன்.

இன்றைய நிலைமை செசிலியாவின் காலத்தைப் போன்றதென்று சொல்வது நியாயமாகாது. பெண்ணென்ற காரணத்தால் பட்டத்தை மறுக்கும் விதி இப்போது இல்லை. பிரின்ஸ்டன் தன் வான சாஸ்திர இலாகாவின் மேற்படிப்பில் பெண்களைச் சேர்த்துக்கொள்வதற்கு 1975-ஆம் ஆண்டு வரை காத்திருந்தது என்பதும் பழங்கதையாகிவிட்டது. ஆனால் டாக்டர் பட்டம் பெற்ற ஒருவர் இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு, ஒரு நகரத்திலிருந்து இன்னொரு நகரத்துக்கு, சில சமயம் ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்கு நகர்ந்துகொண்டே முப்பத்தைந்து வயதைத் தாண்டுவது, இப்போது வான சாஸ்திரத்தில் சர்வசாதாரணமாகிவிட்டது. அந்த ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே பணம் ஒதுக்கப்பட்ட ஒரு திட்டத்துக்காகச் செய்துகொள்ளப்படுபவை. அதில் சேர்பவர் அத்திட்டத்தின் கேள்வியையே ஆராய வேண்டும். பயிற்சிக் காலத்தில் இது நன்மையே. அது பத்தாண்டு நீளும்போது, ஒருவர் தம் கேள்வியைத் தாமே எழுப்பும் வலிமை மிகுந்த வயது கடந்துவிடுகிறது. வகுப்பறையில் பாதிச் சம்பளத்துக்கு, ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் உத்தரவுகளின்மேல், முழுப் பேராசிரியரின் சுமையைத் தாங்கி நிற்கும் ஆசிரியர்கள் எந்தத் தேசத்தில் இருந்தாலும், அங்கே ஹார்வர்டின் பழைய கருவிச் செலவுக் கணக்கு இன்னும் மூடப்படவில்லை என்றே நான் சொல்வேன்.

1956-இல் ஹார்வர்டு கொடுத்த ஸ்தானத்தைப் பெருந்தன்மை என்று கொண்டாடுவோர் உண்டு. எனக்கு அவ்விதம் தோன்றவில்லை. அந்நியமனம் 1927-இலேயே நிகழ்ந்திருக்க வேண்டியது. இருபத்தொன்பது ஆண்டுகள் தாமதித்துக் கொடுத்ததில், தனிப்பட்ட ஒரு பெண்மணிக்கு ஏற்பட்ட அநீதியோடு, நட்சத்திரங்களைப் பற்றி மனிதர் அறிந்திருக்கக்கூடியதில் ஒரு பகுதியும் சேர்ந்து போயிற்று. இன்று சர்வகலாசாலைகளின் நியமனக் குழுக்களில் அமர்ந்திருப்பவர்கள், பட்டம் பெற்று வெளிவரும் கூர்மையான இளம் ஆராய்ச்சியாளர்களுக்கு நிலையான ஸ்தானங்களை முப்பது வயதுக்குள் கொடுக்க வழிதேட வேண்டும். இதற்குப் பணம் இல்லை என்று சொல்வதற்கு முன், புதிய கருவி ஒன்றின் விலையை எடுத்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் மகளோ மகனோ வான சாஸ்திரத்தில் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்று சொன்னால் தடுக்காதீர்கள். அவர்கள் சேரப்போகும் இடத்தில் எத்தனை பெரிய தொலைநோக்கி இருக்கிறது என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். உபகாரச் சம்பளம் எத்தனை ஆண்டுகளுக்கு, அதற்கு முன் அங்கே பயின்றவர்கள் இப்போது எங்கே எந்தப் பதவியில் இருக்கிறார்கள், ஆராயும் பொருளை நிச்சயிப்பவர் யார் என்று கேளுங்கள். கிடைக்கும் பதிலைக் கடிதமாக எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.